தொண்டைச் சீழ் எங்கே போகிறது?

1936ஆம் ஆண்டு லண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஆந்த்ரே லெமியேர் என்ற பாரிஸ் மருத்துவர் இருபது நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்த இருபது பேரில் 18 பேர் இறந்துபோனவர்கள். நோய்க்குக் காரணம் பிளேக்கோ காலராவோ அல்ல. ஆரோக்கியமானவர்களின் வாயில்கூடச் சாதுவாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான்.

அவர் விவரித்த நோயின் போக்கு அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருந்தது. நல்ல உடற்கட்டுள்ள ஓர் இளைஞருக்குத் தொண்டை வலி வரும். டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டும். சில நாள் கழித்து, சில நேரம் தொண்டை தேறிவருகிற வேளையில், பல் கிட்டும்படி குளிர் நடுக்கி 104 டிகிரிக்குக் காய்ச்சல் ஏறும். தாடை எலும்பின் முனைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில், தொட்டால் வலிக்கும். அடுத்து நெஞ்சு குத்தும், இருமலில் ரத்தம் வரும், முழங்காலோ தோளோ வீங்கும். குளிர் நடுங்கிய நாளிலிருந்து ஒன்றிரண்டு வாரத்தில் கதை முடிந்துவிடும். இந்த வரிசையைத் தெரிந்துவைத்திருக்கும் மருத்துவர் நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிடலாம் என்பது லெமியேரின் துணிபு. அவருக்கு அது எளிதாக இருந்திருக்கலாம். பென்சிலின் வந்த பிறகு இந்த நோய் அரிதாகிவிட, மருத்துவர்களே அதை மறந்துபோனார்கள். ‘மறக்கப்பட்ட நோய்’ என்றே மருத்துவ நூல்களில் அதற்குப் பட்டப்பெயர் உண்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் கண்ணாடி முன்னால் போய் வாயைப் பிளந்து பார்க்க வேண்டாம். தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் எதுவும் சாப்பிடாமலேயே மூன்று நாளில் பத்துப் பேரில் நான்கு பேருக்கும், ஒரு வாரத்தில் எட்டுப் பேருக்கும் வலி போய்விடுகிறது. உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிப்பதும் பாராசிட்டமாலும் போதும். நான் எழுத வந்தது மிச்சமிருக்கும் சிலரைப் பற்றி. அவர்களுடைய தொண்டை வலி ஒரு கட்டத்தில் திசை மாறுகிறது. மாறும்போது உடம்பு சத்தமாகவே சொல்கிறது. நாம்தான் அதைத் ‘தொண்டை வலிதானே’ என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம்.

டான்சில் என்பது நாக்கின் அடிப்பக்கம் இருபுறமும் இருக்கும் நிணநீர்த் திசு. அதன் வெளிப்பக்கத்தை ஓர் உறுதியான உறை மூடியிருக்கிறது. உறைக்கு அப்பால் தொண்டையின் தசைச் சுவர். சாதாரண டான்சில் வீக்கத்தில் கிருமிகள் உறைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. அவை உறையைத் தாண்டினாலோ, டான்சிலின் மேல்முனைக்குப் பக்கத்திலுள்ள சிறு எச்சில் சுரப்பிகளில் தொற்று ஏற்பட்டாலோ, உறைக்கும் தசைக்கும் நடுவில் சீழ் சேரத் தொடங்கும். தொண்டைச் சீழ்க்கட்டிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது இதுதான். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 30 பேர் இதற்கு ஆளாகிறார்கள் என்பது நெடுங்காலமாக மருத்துவ நூல்கள் சொல்லிவரும் கணக்கு.

சீழ் சேர்ந்துவிட்டதை எப்படி அறிவது? முதல் துப்பு, வலி ஒரு பக்கமாக ஒதுங்குவது. வைரஸ் தொண்டை வலி இடது வலது பார்க்காது. சீழ்க்கட்டி பெரும்பாலும் ஒரே பக்கம். அந்தப் பக்கத்துக் காதும் வலிக்கும். காதில் கோளாறு ஒன்றும் இருக்காது. டான்சிலுக்கும் நடுக்காதுக்கும் உணர்ச்சி தருவது ஒரே நரம்பு என்பதால் மூளை ஏமாந்துபோகிறது. இரண்டாவது துப்பு இன்னும் முக்கியம்: வாயைத் திறக்க முடியாது. தாடையை அசைக்கும் தசைகளில் ஒன்று சீழுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அது எரிச்சலுற்று இறுகிக்கொள்ளும். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காத நோயாளிக்குச் சாதாரண டான்சில் வீக்கம் என்று எந்த இ.என்.டி. மருத்துவரும் சொல்லமாட்டார். மூன்றாவது, குரல். கரகரப்பு அல்ல இது. சுடுசோற்று உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு பேசுகிறவரின் குரல். கடைசியில் எச்சிலை விழுங்கவே முடியாமல் துண்டால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டார்ச் அடித்துப் பார்த்தால் மேலண்ணத்தின் ஒரு பக்கம் புடைத்து, உள்நாக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கும்.

சீழை எடுக்கும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அதன் எளிமையும் ஆபத்தும் ஒருசேரப் புரியும். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைக்கிறார்கள். மரத்துப்போக வைக்கும் மருந்தைத் தொண்டையில் பீய்ச்சுகிறார்கள். உறிஞ்சு குழாய் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கிறது. பெரிய துளையுள்ள ஊசியின் பிளாஸ்டிக் மூடியின் நுனியை வெட்டிவிட்டு, அந்த மூடியை மறுபடி ஊசிமேலேயே மாட்டிவிடுவார்கள். இப்போது ஊசியின் முனை ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குமேல் உள்ளே போக வழியில்லை. ஏன் இந்த முன்னெச்சரிக்கை? டான்சிலுக்குப் பின்னால், சற்று வெளிப்பக்கமாக, இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி ஓடுகிறது. புடைப்பு அதிகமுள்ள மேல்முனையில் ஊசியைச் செலுத்தி இழுத்தால், பல நேரம் நாலைந்து மில்லிலிட்டர்தான் வரும், மஞ்சளும் பச்சையும் கலந்த, குடலைப் புரட்டும் நாற்றமுள்ள சீழ். அந்த ஒரு தேக்கரண்டி வெளியே வந்த சில நிமிடங்களில் நோயாளி தண்ணீர் குடிப்பார். முந்தின நாளெல்லாம் எச்சில்கூட இறங்காதவர்.

‘ஊசி குத்தாமல் மாத்திரையிலேயே கரைக்க முடியாதா?’ என்பது எல்லா நோயாளிகளும் கேட்கும் கேள்வி. மிகச் சிறியதாக இருந்தால், தொடக்க நிலையில் இருந்தால், சிலருக்கு முடியலாம். முற்றிய கட்டியில் முடியாது. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களை உற்பத்தி செய்கிறது. தொற்று நடந்த இடத்துக்கு அவை கூட்டம் கூட்டமாகப் போய்க் கிருமிகளை விழுங்கி, தாமும் சிதைந்து மடிகின்றன. அந்தச் சிதைவும் செத்த திசுவும் கிருமிகளும் சேர்ந்த குழம்புதான் சீழ். அதைச் சுற்றி உடம்பு ஒரு சுவர் எழுப்புகிறது. கிருமி பரவாமல் தடுக்க எழுப்பிய அந்தச் சுவரே மருந்து உள்ளே போகாமலும் தடுத்துவிடுகிறது. உள்ளே ரத்தக்குழாய் கிடையாது. ஆன்டிபயாடிக் ரத்தத்தில் எவ்வளவு இருந்தாலும் சீழின் நடுப்பகுதிக்குச் சொற்பமாகத்தான் போய்ச் சேரும். போய்ச் சேர்ந்தாலும் பிரச்சினை தீராது. பென்சிலின் வகை மருந்துகள் கிருமி வளர்ந்து பெருகும்போது அதன் செல்சுவரைக் கட்டவிடாமல் கெடுப்பவை. ஆக்சிஜனும் சத்தும் இல்லாத சீழுக்குள் கிருமிகள் பெருகாமல் சோம்பிக் கிடக்கின்றன. கட்டாத சுவரை எப்படிக் கெடுப்பது? சீழ் எங்கே இருந்தாலும் அதை வெளியேற்று என்பது ஆன்டிபயாடிக்குகளுக்கு ஈராயிரம் ஆண்டு முந்தைய விதி. அது இன்னும் காலாவதியாகவில்லை.

வெளியேற்றாவிட்டால் சீழ் தனக்கொரு வழி தேடிக்கொள்ளும். தானாக உடைந்து வாய்க்குள் கொட்டிவிடுவதும் உண்டு. தூக்கத்தில் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் அதுவே ஆபத்து. இன்னொரு வழி, வெளிப்புறத் தசையைத் தாண்டிக் கழுத்தின் ஆழத்துக்குப் போவது.

கழுத்துக்குள் தசைகளையும் குழாய்களையும் மெல்லிய சவ்வுகள் அடுக்கடுக்காகப் பொதிந்து வைத்திருக்கின்றன. அடுக்குகளுக்கு நடுவில் இடைவெளிகள். சாதாரண நாளில் அவற்றில் ஒன்றும் இருக்காது. விழுங்கும்போதும் தலையைத் திருப்பும்போதும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. 1938இல் கிரோடின்ஸ்கி, ஹோலியோக் என்ற இரு அமெரிக்க உடற்கூறு ஆய்வாளர்கள் சடலங்களின் கழுத்துக்குள் நிறமேற்றிய ஜெலட்டினைச் செலுத்தி, அது எந்த இடைவெளியிலிருந்து எங்கே போகிறது என்று தேடிப் பார்த்தார்கள். தொண்டையின் பின்சுவருக்கும் முதுகெலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளிகளில் ஒன்று மண்டையோட்டின் அடியில் தொடங்கி, கழுத்தைக் கடந்து, இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் பின்னாலாக உதரவிதானம்வரை நீள்கிறது. குறுக்கே தடுப்பு எதுவும் இல்லை. உடற்கூறியல் பாடப் புத்தகங்களில் அதற்கு ‘ஆபத்து வெளி’ என்றே பெயர். தொண்டையின் சீழ் அதில் இறங்கினால், மூச்சும் புவியீர்ப்பும் சேர்ந்து அதை நெஞ்சுக் கூட்டின் நடுப்பகுதிக்கு இழுத்துவிடும். நெஞ்சைத் திறந்து கழுவ வேண்டிய நிலை வரும். தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகிவிட்ட இந்தக் காலத்திலும் அந்நிலையில் உயிரிழப்பு அதிகம்.

சின்னக் குழந்தைகளுக்கு இந்தப் பின்சுவர் வழி தனியாக ஓர் ஆபத்து. நான்கைந்து வயதுவரை தொண்டையின் பின்சுவரில் சில நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. வயது ஏற ஏறச் சுருங்கிவிடுகின்றன. சளி பிடித்த குழந்தைக்கு அந்த முடிச்சுகளில் நெறி கட்டி, அது சீழாக மாறலாம். குழந்தைக்கு வலிக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாது. பால் குடிக்காது, எச்சில் ஒழுகும், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு திருப்பவிடாது. கழுத்துச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது நம் வீடுகளில் நடக்கிற காரியம். காய்ச்சலுள்ள குழந்தை கழுத்தைத் திருப்ப மறுத்தால் நீவக் கூடாது.

பல்லிலிருந்தும் இதே ஆழத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இருந்த மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரிடரிக் ஃபான் லுட்விக் 1836இல் அதை விவரித்தார். நோய் இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. கீழ்த் தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்கள், வாயின் அடித்தளமாக விரிந்திருக்கும் தசை தாடையில் ஒட்டும் கோட்டுக்கும் கீழே இறங்கியிருக்கின்றன. அதனால் அந்தப் பற்களின் வேரில் சீழ் பிடித்தால் அது வாய்க்குள் வராமல் நேரே தாடைக்கு அடியில் இறங்குகிறது. ஒரு நாளில், சில சமயம் சில மணி நேரத்தில், தாடைக்கடி இருபுறமும் வீங்கி இறுகிவிடும். விரலால் அழுத்தினால் குழி விழாது. நாக்கு மேலே தள்ளப்பட்டு அண்ணத்தில் முட்டும், பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். இந்த நோயில் சீழும் காய்ச்சலும் உயிரை எடுப்பதற்கு முன்னால் காற்றுவழி அடைப்பு எடுத்துவிடும். ஆன்டிபயாடிக்குகளுக்கு முந்தைய காலத்தில் இதற்கு ஆளானவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைக்கவில்லை. சொத்தைப் பல்லுக்கு வாரக்கணக்கில் வலி மாத்திரை போட்டுத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம்.

காற்றுவழி அடைப்பு எப்படிப்பட்டது என்பதற்குச் சரித்திரத்தில் பேர்போன சாட்சி ஒருவர் உண்டு. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். 1799 டிசம்பர் 12 அன்று பனியிலும் மழையிலும் குதிரையேறித் தம் பண்ணையைச் சுற்றினார். மறுநாள் தொண்டை கட்டியது. 14ஆம் தேதி அதிகாலை மூச்சுத் திணறி விழித்துக்கொண்டார். வெல்லப்பாகும் வினிகரும் வெண்ணெயும் கலந்து கொடுத்ததை அவரால் ஒரு மிடறுகூட விழுங்க முடியவில்லை. புரையேறி மூச்சு நின்றுபோகப் பார்த்தது. அக்காலத்து வழக்கப்படி நான்கு தடவை ரத்தம் எடுத்தார்கள், மொத்தம் இரண்டு லிட்டருக்கு மேல். வந்திருந்த மூன்று மருத்துவர்களில் இளையவரான எலிஷா டிக், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறந்துவிடலாம் என்று யோசனை சொன்னார். மூத்தவர்கள் இருவரும் ஒப்பவில்லை. அன்றிரவே வாஷிங்டன் இறந்தார். வயது 67. டான்சில் சீழ்க்கட்டி என்று நெடுங்காலம் பலர் சொன்னார்கள். இப்போது குரல்வளை மூடியின் கடும் அழற்சி என்பதே பெரும்பாலானவர்களின் கருத்து. எதுவானாலும் இளையவர் சொன்ன யோசனை சரி. குரல்வளை மூடி அழற்சிக்குப் பெரும் காரணமாக இருந்த ஹிப் கிருமிக்கு இன்று தடுப்பூசி இருக்கிறது. ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியின் பகுதியாக அது இந்தியாவில் 2011 டிசம்பரில் முதன்முதலில் போடப்பட்ட இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும்.

இனி லெமியேரின் வழிக்கு வருவோம். டான்சிலிலிருந்து புறப்படும் சிறு சிரைகள் கழுத்தின் பெரிய சிரையான உள் கழுத்துச் சிரையில் போய்ச் சேர்கின்றன. மூளையிலிருந்து திரும்பும் ரத்தம் பெரும்பாலும் அதில்தான் இறங்குகிறது. லெமியேரின் நோயாளிகளில் பெரும்பாலும் காணப்பட்ட கிருமி ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம். ஆக்சிஜன் பட்டால் வளராத சாதி. கன்றுகளின் தொண்டைப் புண்ணிலும் மாடுகளின் ஈரல் சீழ்க்கட்டியிலும் இதே இனத்தைக் கால்நடை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். தொண்டையில் சீழ் கட்டியபின் இது சிறு சிரைகள் வழியாகவோ, பக்கத்துத் திசுவை அரித்தோ, கழுத்துச் சிரையை எட்டுகிறது. ரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் திறமை இதற்கு உண்டு. சிரைக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டிக்குள் கிருமி பத்திரமாகப் பெருகுகிறது. நேரத்துக்கு நேரம் அதிலிருந்து துணுக்குகள் உதிர்ந்து போகின்றன. ஒவ்வொரு தடவை உதிரும்போதும் உடம்பு தூக்கிவாரிப்போடுகிறது. அதுதான் லெமியேர் வர்ணித்த அந்தக் குளிர் நடுக்கம்.

துணுக்குகள் போகும் திசையும் தற்செயல் அல்ல. கழுத்துச் சிரையின் ரத்தம் இதயத்தின் வலப்பக்கத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரலுக்குத்தான் போகும். ஆகவே முதலில் அடிபடுவது நுரையீரல். ஸ்கேன் எடுத்தால் இரு நுரையீரல்களின் ஓரங்களிலும் சிறுசிறு உருண்டைகள், சிலவற்றின் நடுவில் குழிகள் தெரியும். நிமோனியா என்று சேர்க்கப்பட்ட இளைஞரிடம் ‘போன வாரம் தொண்டை வலித்ததா?’ என்று கேட்கத் தோன்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கேட்கத் தோன்றாவிட்டால், ரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகத்திலிருந்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தொலைபேசி வரும்: காற்றில்லாப் புட்டியில் ஏதோ முளைத்திருக்கிறது என்று. இந்த நோய் பல சமயம் அப்படித்தான் பிடிபடுகிறது.

எவ்வளவு பேருக்கு வருகிறது? 1998 முதல் 2001 வரை டென்மார்க் நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். மொத்த மக்கள்தொகையில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு 3.6 பேர், 15 முதல் 24 வயதுக்காரர்களில் மட்டும் பத்து லட்சத்துக்கு 14.4 பேர். இறந்தவர்கள் 9 விழுக்காடு. லெமியேர் கண்ட 18/20ஐ நினைத்தால் மருந்துகள் சாதித்தது எவ்வளவு என்று தெரியும். வாரக்கணக்கில் மருத்துவமனைவாசம் என்பதும் சேர்ந்ததுதான் அந்தச் சாதனை.

அந்தக் கிருமி டான்சிலில் அவ்வளவு அரிதான விருந்தாளியும் அல்ல. அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சென்டர் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தொண்டை வலியோடு வந்த 15 முதல் 30 வயதுக்காரர்களில் 20.5 விழுக்காட்டினரிடம் ஃபியூசோபாக்டீரியம் இருந்தது. தொண்டைக்குப் பேர்போன ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் 10.3 விழுக்காட்டினரிடம் மட்டுமே. ஒரு தொந்தரவும் இல்லாதவர்களிலும் 9.4 விழுக்காட்டினர் ஃபியூசோபாக்டீரியத்தைச் சுமந்திருந்தார்கள் என்பதால் இருப்பதெல்லாம் நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் இதிலிருந்து நமக்கு நேராகத் தொடர்புள்ள ஒரு விஷயம் பிறக்கிறது. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் ‘தொண்டை வலி’ என்றால் கேள்வியில்லாமல் கைக்கு வருவது அசித்ரோமைசின், மூன்று நாள் அட்டை. ஃபியூசோபாக்டீரியத்திடம் அந்த மருந்து குடும்பத்தோடு தோற்றுப்போகிறது. பென்சிலின் வகைகளும் மெட்ரானிடசோலும்தான் அதற்குச் சரியான ஆயுதம். அசித்ரோமைசின் போட்டவர் ‘ஆன்டிபயாடிக் சாப்பிட்டாச்சு’ என்ற தைரியத்தில் இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார். பல கடைகளில் அதோடு ஒரு சிறு வெள்ளை மாத்திரையும் சேர்ந்து வரும். ஸ்டீராய்டு. வீக்கமும் காய்ச்சலும் வலியும் ஒரு நாள் வடிந்த மாதிரி இருக்கும்; சீழ் தன் பாட்டுக்குச் சேர்ந்துகொண்டிருக்கும். மருத்துவமனையில் சீழை எடுத்தபின் ஸ்டீராய்டு கொடுப்பது வேறு சங்கதி, அங்கே அது அளந்து தரப்படுகிறது.

அப்படியானால் எல்லாத் தொண்டை வலிக்கும் முதல் நாளே பென்சிலின் கொடுத்துவிட்டால் என்ன? இதையும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் பொதுநல மருத்துவர்களின் பத்தாண்டுப் பதிவேடுகளை வைத்து 2007இல் வெளியான ஆய்வின்படி, தொண்டை வலியால் வரும் ஒரே ஒரு சீழ்க்கட்டியைத் தடுக்க நாலாயிரம் பேருக்கு மேல் ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும். ஒருவருக்காக நாலாயிரம் பேரின் குடலையும் ஊரின் மருந்தெதிர்ப்பையும் கெடுப்பது நியாயமில்லை. என் பார்வையில் இந்த நோய்க்குத் தடுப்பு மாத்திரை கிடையாது. கவனம்தான் தடுப்பு. அதற்குச் செலவும் இல்லை.

ரத்தத்தில் கிருமி நுழைந்தபின் நடப்பதைச் செப்சிஸ் என்கிறோம். ரத்தம் ‘விஷமாகிவிட்டது’ என்று பேச்சுவழக்கில் சொல்வது முழு உண்மை அல்ல. கிருமி செய்யும் கேட்டைவிட, அதற்கு உடம்பு காட்டும் எதிர்வினை கட்டுமீறிப்போய்ச் சொந்த உறுப்புகளையே கெடுப்பதுதான் செப்சிஸ். 2016இல் சர்வதேச வல்லுநர்கள் வகுத்த வரையறையும் அதையே சொல்கிறது. ஓரிடத்தில் தொற்று என்றால் அங்கே ரத்தக்குழாய்கள் விரிவதும், சுவர் நெகிழ்ந்து நீரும் வெள்ளணுவும் கசிவதும் நல்லதுக்குத்தான். வீக்கம் என்பது அதுவே. அதே விரிவும் கசிவும் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால் குழாய்களுக்குள் ரத்த அழுத்தம் நிற்காது. நுண்குழாய்களில் ரத்தம் உறைகிறது. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் ஏறுகிறது. சிறுநீர் குறைகிறது, மூச்சு வாங்குகிறது, பேச்சில் நிதானம் தவறுகிறது. 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்று 2020இல் ‘லான்செட்’ இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது; உலகத்து மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அதில் தொண்டையின் பங்கு சிறியது. ஆனால் சாகிறவர் இருபது வயதுக்காரர் என்பதால் வீட்டாருக்கு அது சிறிய பங்கு அல்ல. அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்ட நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் சரியான ஆன்டிபயாடிக் சிரை வழியாக ஏற வேண்டும் என்பது மருத்துவமனைகளின் இலக்கு. அந்தக் கடிகாரம் மருத்துவமனை வாசலைத் தாண்டிய பிறகுதான் ஓடத் தொடங்கும். வீட்டில் வீணாகும் நேரத்தை அது கணக்கில் எடுப்பதில்லை.

சர்க்கரை நோயுள்ளவர்கள் இதில் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது நியூட்ரோஃபில்கள் மந்தமாகின்றன. தொற்று இருக்கும் இடத்துக்குப் போவதும் விழுங்குவதும் கொல்வதும் தாமதம். கிருமியின் வகையும் மாறிவிடுகிறது. கழுத்தின் ஆழத்துச் சீழ்க்கட்டிகளை ஆராய்ந்த தைவான் மருத்துவர்கள், சர்க்கரை நோயாளிகளிடம் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற வேறொரு கிருமி முன்வரிசையில் நிற்பதைக் கண்டார்கள். அவர்களுக்கு மருத்துவமனை நாட்களும் அதிகம், மூச்சுக்குத் துளையிடுவதும் அதிகம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. தமக்குச் சர்க்கரை இருப்பதையே கழுத்துச் சீழுக்காகச் சேரும்போதுதான் தெரிந்துகொள்கிறவர்களும் உண்டு.

இனி வாசகருக்கு நேராகச் சில வார்த்தைகள். தொண்டை வலி வந்தால் முதல் மூன்று நாள் பதற வேண்டாம். வெந்நீரும் ஓய்வும் பாராசிட்டமாலும் போதும். வலி ஒரு பக்கமாக ஒதுங்கினாலோ, வாய் சரியாகத் திறக்காவிட்டாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் துப்பத் தொடங்கினாலோ, குரல் அடையாளம் தெரியாமல் மாறினாலோ, தாடைக்கடியோ கழுத்தோ வீங்கினாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், இரவாக இருந்தாலும். மூச்சில் இரைச்சல் கேட்டால் நோயாளியைப் படுக்கவைக்காதீர்கள், உட்கார்ந்த நிலையிலேயே அழைத்துச் செல்லுங்கள். குழந்தையின் வாய்க்குள் கரண்டியை விட்டுப் பார்க்காதீர்கள். தொண்டை தேறிவந்த நாலாம் ஐந்தாம் நாள் உடம்பு தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல் வந்தால் அது புதுக் காய்ச்சல் என்று நினைக்காமல், போன வாரத்துத் தொண்டை வலியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். போகும்போது அதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், கடைக்காரர் பேர் சொல்லாமல் கொடுத்த அந்தச் சிறு வெள்ளை மாத்திரை உட்பட.